வேண்டிக்கொள்ளாத பதினோரு சுற்று

"விழுந்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். "எங்கேயாவது இடிச்சுக்கிட்டீங்களா? பாரம் ஏதாவது தூக்கினீங்களா?" என்றார். அதற்கும் இல்லை என்றேன். இரண்டுமே உண்மைதான். அந்த இரண்டு உண்மைகளைச் சொன்னதால் என் இடது கால் போய்விட இருந்தது.

நோயில் கிடந்து எழுந்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் மற்றவர்களுக்கு உதவும் என்று நம் வாசகசாலைச் செயலாளர் கையெழுத்துப் பத்திரிகைக்காக மூன்று முறை கேட்டுவிட்டார். நாலு பேர் முன்னால் எழுந்து பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

எனக்கு வயது நாற்பத்து மூன்று. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மந்தைவெளியில் குடியிருந்துகொண்டு மாம்பலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழிக்கிறேன். கடையில் எல்லோருக்கும் நான் அண்ணாச்சி. யுத்தத்தின்போது பஸ்கள் குறைந்துபோய், வந்த ஒன்றிரண்டும் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு வழியில் நின்றுவிடும் என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அப்போதுதான் கடைக்கு நடந்து போகத் தொடங்கினேன். யுத்தம் முடிந்த பிறகும் நடை நிற்கவில்லை. எனக்கு முன்னால் போகிறவர்கள் எல்லோரும் சிறிது நேரத்தில் எனக்குப் பின்னால் போய்விடுவார்கள். வாலிபப் பிள்ளைகள்கூட. அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

யுத்தம் முடிந்த மறுவருஷம் ஆவணி மாதத்தில் அடையாற்றுப் பாலத்தருகே ஒரு சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பொங்கல் கழிந்து நடைப் போட்டி. சாந்தோமிலிருந்து அடையாறு போய்த் திரும்பி, மறுபடி ஒரு தரம் போய்வர வேண்டும். மொத்தம் எட்டு மைல். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனிப் பிரிவு. நான் அதை நின்று படிக்கவில்லை. நின்றால் யாராவது பார்ப்பார்களே. மூன்று நாள் அந்தப் பக்கமாக நடந்து நடந்து, போகிற போக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து முடித்தேன். பிறகு கான்வாஸ் ஜோடு ஒன்று வாங்கி, கடையில் என் அளவுகோல் வைக்கும் பலகைக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.

கல்யாணமான பெண்ணை உடையவன், தொந்தி எட்டிப் பார்க்கிற வயதில், பந்தயத்துக்கு நடக்கிறான் என்றால் கடையில் சிரித்தே கொன்றுவிடுவார்கள். கடற்கரைச் சாலையில் மற்ற போட்டிக்காரர்கள் பழகினார்கள். அங்கே போக வெட்கம். ஆகவே ஜோட்டைக் கடையிலிருந்து பையில் மறைத்து எடுத்துவந்து, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றினேன். நாலு வீதியும் குளத்தங்கரையும் சேர்த்து ஒரு சுற்றுக்கு முக்கால் மைல் இருக்கும். கணக்கு வைக்கச் சுலபம். பதினோரு சுற்றுக்கு எட்டு மைல்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, வடக்கு மாட வீதி முனையில் பூக்கூடையை இறக்கிக்கொண்டிருந்த பூக்கார அம்மாள் என்னை மறித்தாள்.

"இன்னா சாமி, டெய்லி பாக்குறேன். வேண்டுதலா?"

நான் தலையை ஆட்டினேன். ஆட்டியது ஆமாம் என்றா, இல்லை என்றா என்று எனக்கே தெரியாது.

"வேண்டுதல்னா ஜோடு போட்டுக்கினா சுத்துவாங்க? அம்பா பாத்துக்கினு கீறா. கயட்டு நைனா."

கழற்றினேன். ஜோடு மறுபடி கடைப் பலகைக்கு அடியில் போயிற்று. மறுநாளிலிருந்து வெறுங்கால்.

அவள் அதோடு விடவில்லை. பூ கொடுக்க வந்த இடத்தில் என் மனைவி கோமதியிடம், உன் வூட்டுக்காரர் மாதிரி பக்திமானைப் பார்த்ததில்லை என்று சொல்லியிருக்கிறாள். அன்று நான் வீட்டுக்கு வந்தபோது கோமதியின் கண் சிவந்திருந்தது. எங்கள் மகள் விசாலம் செங்கல்பட்டில் வாழ்க்கைப்பட்டு ஆறு வருஷமாகக் குழந்தையில்லை.

"விசாலத்துக்காகத்தானே சுத்துதீங்க? என்கிட்டகூடச் சொல்லாம மனசுக்குள்ளயே வச்சிருந்தீங்களே" என்றாள்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் எப்படிச் சொல்வது?

முதல் பத்து நாள் கெண்டைச்சதை இரண்டும் கல்லாக இறுகி வலித்தன. நடக்கத் தொடங்கினால் இரண்டாம் சுற்றில் வலி இளகிவிடும். பதினைந்தாம் நாள் முழுக்கப் போய்விட்டது. முள்ளை முள்ளால் எடுப்பதுபோல நடந்த வலியை நடந்துதான் போக்க வேண்டும் என்று அதிலிருந்து கற்றுக்கொண்டேன். நான் கற்றுக்கொண்டது தப்புப் பாடம் அல்ல. ஒரு வலிக்குச் சரியான பாடத்தை வேறு வலிக்கும் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். புரட்டாசியில் ஐந்து சுற்றிலிருந்து பதினோரு சுற்றுக்குப் போனேன். இருபது நாளுக்குள்.

அந்த மாதக் கடைசியில் செங்கல்பட்டிலிருந்து கடிதம் வந்தது. விசாலத்துக்கு மூன்று மாதம்.

கோமதி கடிதத்தைச் சாமி படத்தின் முன் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். என் வாழ்நாளில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு அழுகையும் பயமும் சேர்ந்து வந்தன.

ஐப்பசியில் இடது முழங்காலுக்கு நாலு விரற்கடை கீழே, எலும்பின் உட்பக்கத்தில், ஓர் இடத்தில் மட்டும் வலித்தது. ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டிவிடலாம். இந்த வலி இளகவில்லை. முதல் சுற்றில் இருக்காது. நாலாம் சுற்றில் வரும். எட்டாம் சுற்றில் பல்லைக் கடிக்க வேண்டும். இதுவும் போய்விடும் என்று காத்திருந்தேன். பிறகு கடையில் நிற்கும்போதும் வலித்தது. பிறகு படுத்திருக்கும்போதும் வலித்தது.

ஒரு நாள் நாலு மணிக்கு எழாமல் படுத்துக்கிடந்தேன். கோமதி விளக்கை ஏற்றிவிட்டு வந்து நின்றாள்.

"கால் வலிக்கு. இன்னைக்கு வேண்டாம்" என்றேன்.

"நேர்த்திக்கடனைப் பாதியில விடலாமாங்க? பிள்ளைத்தாய்ச்சி அங்க இருக்கா. மெல்ல நடங்க. நொச்சி இலை ஒத்தடம் குடுக்கேன், சரியாயிடும்."

போனேன். என் மனைவியைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவளிடம் இது பந்தயம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே படுக்கச் சொல்லியிருப்பாள். அதோடு, உண்மையைச் சொல்வதானால், எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். நான் வேண்டிக்கொள்ளவில்லை, ஆனால் கடிதம் வந்ததே! அம்பாள் எந்தக் கணக்கில் எடுத்துக்கொண்டாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மந்தைவெளியில் ஒரு டாக்டர் தைலம் கொடுத்தார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எக்ஸ்ரே என்பது உடம்பின் உள்ளே எலும்பின் நிழலைப் பிடிக்கிற போட்டோ. அதில் ஒன்றுமில்லை. "எலும்பு சுத்தமா இருக்கு. கடையில பத்து மணி நேரம் நிக்கிறீங்க, அதுதான்" என்றார். எலும்பு சுத்தம் என்றால் நடக்கலாம் என்றுதானே பொருள்? நடந்தேன். மூன்று வாரத்தில் அந்த இடத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்குக் கெட்டியாக வீங்கியது. ஒரு நாள் விடியற்காலையில் தெற்கு மாட வீதியில் ஆறாம் சுற்றில் காலை ஊன்ற முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். பால்காரர் ஒருவர் என்னைத் தோளில் சாய்த்துக் கூட்டிவந்து வீட்டில் விட்டார்.

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. எந்த ஆஸ்பத்திரி என்று எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

கார்த்திகை மழை. சீட்டு வாங்கும் இடத்தில் ஒழுகாத பக்கமாக எல்லோரும் ஒதுங்கியதால் எது வரிசை என்றே தெரியவில்லை. நான் யாரையும் கேட்காமல் நின்றதில் எனக்குப் பின்னால் வந்த பதினைந்து பேர் முன்னால் போய்விட்டார்கள். கோமதிதான் கடைசியில் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மறுபடி எக்ஸ்ரே. கறுப்பு அறையில் சில்லென்ற மேஜையில் காலை வைத்து, மூச்சுவிடாதே, அசையாதே என்றார்கள். காலைப் படம் பிடிக்க மூச்சை ஏன் நிறுத்த வேண்டும் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

பெரிய டாக்டர் இரண்டு படங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் பிடித்தார். பழையதில் எலும்பு வெள்ளையாக நேராக இருந்தது. புதியதில் எலும்பின் ஓரத்தில் புகை படிந்ததுபோல ஒரு மேகம்.

அப்போதுதான் நான் மேலே சொன்ன கேள்விகளைக் கேட்டார். விழவில்லை, இடிக்கவில்லை, தூக்கவில்லை. கோமதி பக்கத்தில் நின்று, "ஒரு குத்தமும் செய்யாத மனுசன் சார். தினம் கோயிலைச் சுத்தி வர்றவரு" என்றாள். டாக்டர் சிரித்து, "நல்லது" என்றார். கோயிலைச் சுற்றுவது என்றால் கையைக் கூப்பிக்கொண்டு மெல்ல நடப்பது என்றுதான் யாரும் நினைப்பார்கள். எத்தனை சுற்று, என்ன வேகம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நடப்பதால் எலும்புக்கு ஏதாவது ஆகும் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை.

"அடி எதுவும் படாம மூணு வாரத்துல இவ்வளவு வளர்ந்திருக்கு. எலும்புல கட்டியா இருக்கலாம்" என்றார் பெரிய டாக்டர். "ஒரு துணுக்கு எலும்பைச் செதுக்கி எடுத்து பூதக்கண்ணாடியில பார்க்கணும். கெட்ட கட்டின்னு தெரிஞ்சா முழங்காலுக்கு மேலே எடுத்துடணும். இல்லேன்னா அது நெஞ்சுக்குப் பரவும்."

எடுத்துடணும் என்று அவர் சொன்னது காலை என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கோமதிக்கு உடனே புரிந்துவிட்டது.

வார்டில் இருபது இரும்புக் கட்டில்கள். பினாயில் நெடியும் ஈரத்துணி வாடையும். எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ராயப்பேட்டை ஜட்காவண்டிக்காரர் ரஹீம் பாய். புதுக்குதிரை உதைத்து இடுப்பெலும்பு விலகியவர். என் வயதுதான். அவர் அசையக்கூடாது என்று உத்தரவு. அந்தக் குறையை வாயால் தீர்த்துக்கொண்டார்.

"அண்ணாத்தே, உனுக்கு இன்னா?"

"கால்ல கட்டி. எடுத்தாலும் எடுப்பாங்களாம். ஜவுளிக்கடையில நின்னு துணி அளக்கிற வேலை எனக்கு."

அவர் தலையை மட்டும் திருப்பி என் காலைப் பார்த்தார். பிறகு, "ஜவுளிக்கடையில குந்திக்கினு அளக்கலாம், கவலப்படாதே. நான் ஒத்தக்காலோட வண்டி ஓட்டினா குதுரை சிரிக்கும்" என்றார். எனக்கு அழவேண்டும்போல இருந்தது; சிரிப்பும் வந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டு அவர் தன் பழைய குதிரையைப் பற்றிப் பேசினார். குதிரைக்கு வலி என்று எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். ஏதோ பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"அது நொண்டும்ல? நொண்டி ரெண்டு தினுசு நைனா. லாயத்த வுட்டு வரும்போது நொண்டும், பீச்சு ரோட்டுக்கு வர்றதுக்குள்ள சரியாப்பூடும். அது சும்மா மரத்துப்போன காலு. ஓட்டலாம். இன்னொண்ணு, கெளம்பும்போது ஷோக்கா போவும், போவப் போவ நொண்டும். அன்னைக்கு சவாரி வேணாம்னு அவுத்துடணும். அவுக்காம ஓட்டினா காலு பூடும். என் வாப்பா ஒண்ண அப்படித்தான் சாவடிச்சாரு."

நான் எழுந்து உட்கார்ந்தேன். போகப் போக நொண்டியவன் நான்தான். ஆனால் அவர் சொன்னது குதிரையைப் பற்றி. டாக்டர் சொன்னது கட்டியைப் பற்றி. இரண்டையும் எப்படி முடிச்சுப் போடுவது என்று தெரியவில்லை. டாக்டரிடம் போய்க் குதிரைக்கதை சொன்னால் என்ன நினைப்பார்? படித்தவர்கள் எக்ஸ்ரேயில் பார்த்ததை ஜட்காவண்டிக்காரர் பேச்சைக் கேட்டு மறுப்பதா? மறுபடி படுத்துக்கொண்டேன். துணுக்கு எடுக்கும் ஆப்பரேஷன் வெள்ளிக்கிழமை என்று சீட்டில் எழுதி மாட்டிவிட்டுப் போனார்கள்.

கடை முதலாளி ஒரு நாள் வந்தார். கையில் புது வேட்டி. "அண்ணாச்சி, உங்க இடத்துல யாரையும் நிறுத்தலை. அளவுகோலை யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டேன்" என்றார். அளவுகோலைத் தொட்டால் ஜோடு தெரிந்துவிடுமே என்றுதான் அப்போதும் எனக்குத் தோன்றியது. கால் போகப் போகிறவனுக்கு ஜோட்டைப் பற்றிக் கவலை. மனசு அப்படித்தான் இருந்தது. எதற்குப் பயப்பட வேண்டும் என்று அதற்கே தெரியவில்லை.

புதன்கிழமை சாயங்காலம், பார்வையாளர் நேரத்தில் கோமதி வந்தாள். கதவிலிருந்து கட்டில்வரை வரும்போதே கவனித்தேன். நொண்டினாள்.

"கால்ல என்ன?"

"ஒண்ணுமில்ல. இந்தாங்க, ரசஞ்சாதம்."

"காலைக் காட்டு."

"நாலு பேர் பாக்காங்க."

காட்டச் செய்தேன். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம் வெடித்துத் தோல் உரிந்திருந்தது. கணுக்கால் வீங்கியிருந்தது. மழையில் மாட வீதிக் கப்பிக்கல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"உங்களால முடியலைல்லா? விட்டா விசாலத்துக்கு ஆகாது. உங்க காலுக்கும் ஆகாது. அதான் நான் சுத்துதேன். பதினொண்ணு. பூக்காரம்மா எண்ணிச் சொல்லுவா" என்றாள். ஏதோ கடைக்குப் போய்வந்தேன் என்பதுபோலச் சொன்னாள். "எட்டு நாளாச்சு. முதல்ல உயிர் போச்சு. இப்ப பழகிட்டு."

என் கட்டியை விட அந்த உள்ளங்கால்கள் என்னை உலுக்கிவிட்டன. இவ்வளவு நாள் சொல்லாததை, பத்தொன்பது நோயாளிகளும் அவர்களுடைய உறவினர்களும் இருக்கிற அந்த வார்டில் சொன்னேன்.

"கோமதி, நிறுத்திரு. அது வேண்டுதல் இல்ல."

"என்னது?"

"நான் எதுவும் வேண்டிக்கல. பந்தயம். நடைப் பந்தயம். பொங்கல் கழிஞ்சு. அதுக்குத்தான் வெறுங்காலோட பழகுனேன். போகப் போக வலி ஏறுனபிறகும் விடல."

அவள் என்னையே பார்த்தாள். "பந்தயமா?" என்றாள். என் தொந்தியைப் பார்த்துவிட்டு, "நீங்களா?" என்றாள்.

ரஹீம் பாய்க்கு அடக்க முடியவில்லை. "யா அல்லா! குதுரப் பந்தயம் கேள்விப்பட்டுகீறேன், மனுசப் பந்தயமா? எத்தினி சுத்து அண்ணாத்தே?" என்று சிரித்து, சிரித்ததில் இடுப்பு வலித்து, "அம்மாடி" என்று கத்தினார். கத்தல் கேட்டு நர்ஸம்மா ஓடிவந்தார். பின்னாலேயே ஓர் இளைய டாக்டர். பர்மாப் பக்கம் யுத்தத்தில் பட்டாளத்தோடு இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியவர். வார்டில் அவரைப் பட்டாளத்து டாக்டர் என்பார்கள்.

"எனுக்கு ஒண்ணும் இல்ல சாப். இவர இன்னான்னு கேளுங்க. தெனம் பதினோரு ரவுண்டு, காலுல ஜோடு இல்லாம. போவப் போவ நொண்டிக்கினு கீது. கட்டிங்கறீங்க!"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. டாக்டர் சிரிக்கவில்லை. என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஒரு சுற்று எத்தனை தூரம், எத்தனை நிமிஷம், எந்த வாரத்தில் எத்தனை சுற்று என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கோமதியும் கேட்டுக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எந்தப் பக்கமா சுத்துவீங்க? ஒரே பக்கமாகவா?"

"கோயிலை அப்பிரதட்சணமா சுத்த முடியுமா சார்?"

இப்போதுதான் அவர் சிரித்தார். "எப்பவும் ஒரே பக்கமாத் திரும்பினா ஒரு காலுக்கே பளு. அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு, விரலால் வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"பட்டாளத்துல புதுசாச் சேர்ந்தவங்களுக்கு இதைப் பார்த்திருக்கேன். திடீர்னு தினம் பத்து மைல் அணிவகுத்து நடப்பாங்க. விழமாட்டாங்க, அடிபடாது. எலும்பு கீறிடும்."

எலும்பு கட்டை அல்ல, உயிருள்ளது என்றார். தினம் கொஞ்சம் தேய்ந்து தினம் கட்டிக்கொள்ளும். கட்டிக்கொள்ள நேரம் கொடுக்காமல் நடந்தால் மயிரிழைபோலக் கீறும். முதலில் எக்ஸ்ரேயில் தெரியாது. அந்தக் கீறலை மூட உடம்பே புது எலும்பைப் பூசும். அந்தப் பூச்சு மேகம்போலத் தெரியும். எனக்கு என் தொழிலில்தான் புரிந்தது. துணியை மடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப மடித்து அடுக்கினால், யாரும் கிழிக்காமலேயே மடிப்பில் இழை விட்டுப்போகும்.

ஆனால் விஷயம் அதோடு தீரவில்லை. மறுநாள் பெரிய டாக்டரும் அவரும் என் கட்டிலருகே நின்று இங்கிலீஷில் வெகுநேரம் பேசினார்கள். பெரிய டாக்டருக்குச் சம்மதம் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. கடைசியில் அவர் எங்களிடம் நேராகவே சொன்னார்: "இவர் சொல்றது சரியா இருக்கலாம். அப்படின்னா இப்ப எடுக்கிற துணுக்கும் கெட்ட கட்டி மாதிரியே தெரிஞ்சு ஏமாத்தலாம். மாவுக்கட்டுப் போட்டு மூணு வாரம் பொறுத்து மறுபடி படம் எடுத்தா தெரியும். ஆனா கெட்ட கட்டியா இருந்தா காலோட போக வேண்டியது அந்த மூணு வாரத்துல உயிரையும் கொண்டுபோயிடலாம். நீங்கதான் சொல்லணும்."

நாங்கள் என்ன சொல்வது? டாக்டருக்கே தெரியாததை ஜவுளிக்கடைக்காரன் எப்படிச் சொல்வான்? நான் கோமதியைப் பார்த்தேன். முந்தின நாளிலிருந்து அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

"நடக்காம இருந்தா வலி குறைஞ்சிருக்கா?" என்று என்னைக் கேட்டாள்.

யோசித்தேன். படுத்துக்கிடந்த இந்த எட்டு நாளில் கொஞ்சம் குறைந்துதான் இருந்தது. பயத்தில் அதைக் கவனிக்கவே இல்லை.

"குறைஞ்சிருக்கு."

"பொய் சொல்லலையே?"

"இல்ல."

"அப்ப பொறுத்துப் பாப்போம் சார்" என்றாள்.

தொடையிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு. மாவுக்கட்டு என்பது நனைத்துச் சுற்றும்போது சுடச்சுட இருந்து பிறகு கல்லாகும் வெள்ளைத் துணி. அதற்குள் அரித்தால் சொரிய வழியில்லை. அந்த மூன்று வாரமும் காலையில் கண் விழித்ததும் வலி இருக்கிறதா என்று தேடுவேன். இல்லை என்றால் ஆறுகிறது என்று சந்தோஷம். உடனே, கட்டி வலிக்காமலும் வளருமாமே என்று பயம். வலித்தால் கட்டி என்று பயம். வலித்தாலும் பயம், வலிக்காவிட்டாலும் பயம். மழை நின்று மார்கழி பிறந்தது. ரஹீம் பாய் கோலை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். போகும்போது, "சவாரிக்குப் போறப்போ சொல்லு, என் குதுரையோட வுட்டுப் பாக்கலாம்" என்றார்.

மூன்றாவது படம் எடுத்த அன்று பெரிய டாக்டரே அதை எடுத்துக்கொண்டு வந்தார். மேகம் இப்போது மேகமாக இல்லை. எலும்பைச் சுற்றி வழவழவென்று ஒரு பட்டை. நடுவில் பென்சிலால் இழுத்ததுபோல மெல்லிய கோடு.

"ஆறுற எலும்பு. நான் நினைச்சது தப்பு" என்றார். அவ்வளவு பெரிய மனிதர் எனக்கு அதைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. படத்தை உறையில் போட்டுக்கொண்டே, "நீங்களும் முதல் நாளே சொல்லியிருக்கலாம்" என்றார். தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது பட்டாளத்து டாக்டரிடம், இனிமேல் எந்த வலிக்கு நடக்கலாம், எந்த வலிக்கு நிறுத்த வேண்டும் என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் நானாகக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். உள்ளங்கையை வைத்து, இங்கெல்லாம் என்று தடவிக் காட்டுகிற வலி பெரும்பாலும் சதை வலி, பயமில்லை என்றார். ஒரு விரலால் இதோ என்று காட்டுகிற வலி, நடக்க நடக்க ஏறுகிற வலி, படுத்தாலும் விடாத வலி என்றால் அன்றே நிறுத்த வேண்டும். "சந்தேகமா இருந்தா?" என்று கேட்டேன். "சந்தேகமா இருந்தாலும் நிறுத்துங்க. ரெண்டு நாள் நடக்காட்டி யாருக்கும் ஒண்ணும் ஆகாது" என்றார். அவருக்கு மாட வீதியைத் தெரியாது.

போட்டி நடந்த அன்று நான் மாவுக்கட்டோடு ஜன்னலருகே உட்கார்ந்திருந்தேன். யார் ஜெயித்தார்கள் என்று இன்றுவரை விசாரிக்கவில்லை.

தை மாதக் கடைசியில் கட்டைப் பிரித்தார்கள். கால் முருங்கைக்காய்போல மெலிந்திருந்தது. அந்த வாரம் விடியற்காலையில் விழித்தபோது கோமதி புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க போற?"

"சுத்த."

"அதான் வேண்டுதல் இல்லன்னு சொன்னேனே!"

"நீங்க வேண்டிக்கல. நான் வேண்டிக்கிட்டேன். நீங்க எதுக்கு நடந்தீங்களோ, அம்பாளுக்கு நான் சொன்ன கணக்கு இருக்குல்லா? பிள்ளை பிறக்கிறவரைக்கும்" என்றாள். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது கொப்புளம் ஆறுவதற்காகப் பத்து நாள் நிறுத்தினாளாம். பிறகு, நான் தூங்குகிற நேரமாகப் பார்த்துப் போய்வந்து, ஒரு நாளும் விடவில்லையாம். அதையும் என்னிடம் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் யாரும் எதையும் சொல்வதில்லை என்று அப்போது எனக்குத் தோன்றியது.

மறுநாள் தடியை ஊன்றிக்கொண்டு நானும் போனேன். குளத்தங்கரைப் படியில் உட்கார்ந்து அவளுடைய சுற்றுகளை எண்ணினேன். பூக்கார அம்மாள், "இன்னா சாமி, இப்ப வூட்டம்மா முறையா?" என்றாள். ஆமாம் என்று வாய்திறந்து சொன்னேன். ஒவ்வொரு தடவை கோமதி என்னைத் தாண்டும்போதும் அவள் நடையைப் பார்ப்பேன். முதலில் நொண்டி அப்புறம் சரியாகிறதா? முதலில் சரியாக இருந்து அப்புறம் நொண்டுகிறதா? சில நாள் ஒன்று, சில நாள் இன்னொன்று. சில நாள் வெளிச்சம் போதாமல் ஒன்றும் தெரியாது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரும். பங்குனியில் பிள்ளைப்பேறு. சொல்லி ஏதாவது ஆகிவிட்டால்? சொல்லாமல் அவள் எலும்பு கீறிவிட்டால்?

மாசி மாதம் ஒரு நாள் எட்டாம் சுற்றில் அவள் என்னைத் தாண்டிப் போகவில்லை. நேராக வந்து படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வலிக்கு" என்றாள்.

"எங்க? தொட்டுக் காட்டு."

உள்ளங்கையை விரித்து முழங்காலிலிருந்து பாதம்வரை தடவிக் காட்டினாள். டாக்டர் சொன்னபடி பார்த்தால் அது நடக்கலாம் என்கிற வலி. இன்னும் மூன்று சுற்று மிச்சம் இருந்தது. நான் இரண்டையும் சொல்லவில்லை.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடத் தெரியாமல்தான் நான் எலும்பு கீறுகிறவரை நடந்தேன். அவள் சொல்லிவிட்டு, காலை நீட்டிக்கொண்டு, குளத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடிந்தது. நாங்கள் இரண்டு பேரும் எழுந்து, மிச்சத்தைச் சுற்றாமல், வீட்டுக்கு மெல்ல நடந்தோம்.